சாம்ப்ளிங்கை எலெக்டிவ் ஆக்கிவிடாதீர்கள்: சென்னைப் புள்ளியியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் எம்.எஸ்சி. புள்ளியியல் நடத்தும் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

சிலபஸை மாற்றும் பேச்சு பல துறைகளில் ஓடுகிறது என்று இப்போது படிக்கும் பிள்ளைகள் சொல்கிறார்கள். மெஷின் லேர்னிங், டீப் லேர்னிங், பிக் டேட்டா என்று புதுப் பேப்பர்கள் வர வேண்டும், அதற்கு இடம் வேண்டும், அதனால் சாம்ப்ளிங்கும் (எல்லாரையும் கேட்காமல் மாதிரி எடுத்து மதிப்பிடும் பாடம்) டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமென்ட்ஸும் (சோதனைகளை வடிவமைக்கும் பாடம்) எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம், பக்கம் போகலாம், இல்லாவிட்டால் இரண்டையும் நசுக்கி ஒரே பேப்பர் ஆக்கிவிடலாம் என்கிறார்களாம். தயவுசெய்து அப்படி முடிவெடுத்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அந்த இரண்டு பேப்பர்களும் இப்போது நடத்தப்படும் விதத்திலேயே தொடர்வதாக இருந்தால் அதுவும் எனக்குச் சம்மதமில்லை.

நான் இந்த ஊரில்தான் எம்.எஸ்சி. முடித்தேன். இப்போது ஓ.எம்.ஆர். சாலையில், மருந்துச் சோதனைகளின் தரவை அலசும் ஒரு நிறுவனத்தில் வேலை. புதிதாக ஆள் எடுக்கும்போது இன்டர்வியூவில் உட்காருகிறேன், வருகிறவர்களில் பாதிக்கு மேல் உங்கள் மாணவர்கள்தான். நல்ல பிள்ளைகள், உழைப்பாளிகள். ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற மெஷின் லேர்னிங் முறையை ஓட்டத் தெரியும், பைத்தானில் படம் போடத் தெரியும், மதிப்பீட்டின் துல்லியத்துக்கு எல்லை சொல்லும் கிராமர்–ராவ் சமனிலியை நிறுவச் சொன்னால் போர்டில் கடகடவென்று எழுதிவிடுவார்கள். "சரிம்மா, இந்த டேட்டா எப்படி வந்தது, இதில் யார் விட்டுப்போயிருப்பார்கள்?" என்று கேட்டால்தான் முகம் மாறுகிறது. இணையத்திலிருந்து இறக்கினேன் என்பார்கள். அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது என்று யாரும் அவர்களிடம் கேட்டதே இல்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019–21-ல் நடந்தது, நாடு முழுக்க சுமார் 6.37 லட்சம் வீடுகள். அதன் தனிநபர் அளவிலான கோப்பைப் பதிவுசெய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அதை வைத்து ப்ராஜெக்ட் செய்த பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள், அது பாராட்ட வேண்டிய விஷயம். அந்தக் கோப்பில் எடைக்கென்று, அதாவது மாதிரியில் வந்த ஒருவர் மக்கள்தொகையில் எவ்வளவு பேருக்கு ஈடு என்பதை ஒப்பளவில் காட்டும் எண்ணுக்கென்று, ஒரு நிரல் இருக்கும். ஆறு தசம இடங்களையும் புள்ளி வைக்காமல் முழு எண்ணாகவே எழுதியிருப்பார்கள், பத்து லட்சத்தால் வகுத்தால்தான் உண்மையான எடை கிடைக்கும். பார்ப்பதற்கு ஏதோ அடையாள எண் மாதிரி இருப்பதால் பிள்ளைகள் அதைத் தேவையில்லாத நிரல் என்று அழித்துவிடுகிறார்கள். அப்புறம் தமிழ்நாட்டில் ரத்தசோகை உள்ள பெண்கள் இத்தனை விழுக்காடு என்று ஒரு எண்ணைச் சொல்லி, அதற்கு மேல் ஒரு மாடலையும் கட்டி, துல்லியம் இவ்வளவு என்கிறார்கள். அந்த ஆய்வு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி மதிப்பீடு வரவேண்டும் என்று வடிவமைக்கப்பட்டது, அதனால் சின்ன மாவட்டத்திலும் போதுமான வீடுகளை எடுத்திருப்பார்கள். 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் 46 லட்சம் பேர், பெரம்பலூரில் 5.65 லட்சம் பேர். எடையை எடுத்துவிட்டால் பெரம்பலூருக்கு அதன் மக்கள்தொகைக்கு மீறிய குரல் கிடைக்கும், சென்னையின் குரல் அடங்கிவிடும். எடை எதற்கு என்று கேட்டால், தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பால் வகுத்துக் கூட்டும் ஹார்விட்ஸ்–தாம்சன் மதிப்பீட்டியைப் பத்து மார்க்குக்கு எழுதிய அதே பிள்ளை விழிக்கிறது. இரண்டும் ஒரே சங்கதி என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாம்ப்ளிங் பேப்பர் எப்படி நடக்கிறது என்று நமக்குத் தெரியும். அடுக்குகளாகப் பிரித்து எடுக்கும் மாதிரியின் மாறுபாட்டை நிறுவ வேண்டும், ஒவ்வொரு அடுக்கிலும் எத்தனை பேரை எடுப்பது என்று சொல்லும் நேமன் ஒதுக்கீட்டை நிறுவ வேண்டும், ப்ராக்டிகலில் ஒவ்வொரு அடுக்கின் அளவும் திட்ட விலக்கமும் கேள்வித்தாளிலேயே கொடுத்திருக்கும், கால்குலேட்டரில் தட்டி நான்கு தசமம் வரை விடை எழுத வேண்டும். அடுக்கை யார் பிரித்தார்கள், பட்டியல் எங்கே கிடைத்தது, பூட்டிக்கிடந்த வீட்டை என்ன செய்தார்கள் என்ற கேள்விகளுக்கு அங்கே வேலையே இல்லை. நான் படித்த இடத்தில் ரெக்கார்டு நோட்டு சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறும், கடைசித் தசமம் வரை எல்லார் விடையும் ஒன்றாகவே இருக்கும், கையெழுத்தும் விழுந்துவிடும். இரண்டு வருடத்தில் உண்மையான ஒரு மாதிரியை ஒருமுறைகூடக் கையால் எடுக்காமல் முதுகலைப் பட்டத்தோடு வெளியே வந்துவிட முடிந்தது. புள்ளியியல் படித்தவருக்கு இது நடக்கக் கூடாது.

இத்தனைக்கும் நாம் இருக்கும் ஊர் எப்படிப்பட்ட ஊர்! நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் ஏறினால் எழும்பூர் போகிற வழியில் அடுத்த நிறுத்தம் சேத்துப்பட்டு. அங்கேதான் 1956-ல் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கினார்கள், இன்று அது காசநோய் ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனம். அப்போது உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை, காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்துப் பார்த்தால்தான் குணமாகும் என்பது. நெருக்கடியான வீடுகளில் இருந்த மெட்ராஸ் ஏழை நோயாளிகளுக்கு அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டியிருந்தது. டாக்டர் தன் விருப்பப்படி பிரித்திருந்தால் மோசமான நிலையில் இருப்பவர்களைச் சானடோரியத்துக்கும் லேசாக இருப்பவர்களை வீட்டுக்கும் அனுப்பியிருப்பார், அப்புறம் எந்த ஒப்பீட்டுக்கும் பொருள் இருந்திருக்காது. அதனால் யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைச் சமவாய்ப்பில் ஒதுக்கினார்கள், இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருடம். 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளிவந்தது. சாப்பாடும் ஓய்வும் குறைவாக இருந்தும் வீட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ அதே அளவுக்குத் தேறினார்கள், வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் அதிகமாகப் பரவவில்லை. சானடோரியத்தை நம்பியிருந்த காசநோய் மருத்துவத்தை உலகம் முழுக்கத் திருப்பிப்போட்ட ஆய்வு அது. அந்தக் கட்டுரை இன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டிசைன் பேப்பரில் லத்தீன் சதுரம் என்ற சோதனை அமைப்பை மூன்று வாரம் நடத்துகிறோம், நடத்த வேண்டியதுதான், ஆனால் அடுத்த ஸ்டேஷனில் நடந்த இந்தச் சோதனையை ஒரு வகுப்பிலாவது உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கிறோமா?

அதோடு முடியவில்லை. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பக்கம், பிசிஜி தடுப்பூசிக்கான மிகப் பெரிய சோதனை தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதுதான் அங்கே கிடைத்த விடை. எதிர்பார்த்ததற்கு நேர்மாறான, யாருக்கும் பிடிக்காத விடை. ஒப்பிட மருந்தில்லாத வெற்று ஊசி போட்ட குழு ஒன்றைச் சமவாய்ப்பில் வைத்திருந்ததால்தான் அந்த விடையை உலகம் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அப்புறம் 2020 மே, ஜூன் மாதங்களில், நாமெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, அயப்பாக்கத்தில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் முன்னின்று நடத்திய ரத்த மாதிரி ஆய்வு. 21 மாநிலங்களில் 70 மாவட்டங்கள், 700 கொத்துகள் (கிராமங்கள் அல்லது வார்டுகள்), 28,000 பேர். கொரோனா தொற்று வந்துபோனவர்கள் 0.73 விழுக்காடு என்று மதிப்பிட்டார்கள். ஆயிரத்தில் ஏழெட்டுப் பேருக்கு மட்டும் வந்துபோயிருக்கும்போது, நூற்றுக்கு இரண்டு தடவை தப்பாகப் பாசிட்டிவ் காட்டும் கிட் ஒன்றை நம்பினால், வரும் பாசிட்டிவ்களில் பெரும்பாலானவை பொய்யாகத்தான் இருக்கும். அதனால் முதல் சோதனையில் பாசிட்டிவ் வந்தவற்றை இன்னொரு கிட்டால் மறுபடி பார்த்தார்கள். கொத்து மாதிரி, எடை, பாசிட்டிவ் வந்தவருக்கு உண்மையிலேயே தொற்று இருந்த வாய்ப்பைக் கணக்கிடும் பேயஸ் தேற்றம் மூன்றும் ஒரே ஆய்வுக்குள் இருக்கின்றன. ஒரு செமஸ்டர் முழுக்க இதை மட்டும் வைத்துப் பாடம் நடத்தலாம்.

மாறாக, இறுதி ப்ராஜெக்ட்டுக்கு வரும் பிள்ளைகள் இன்னும் ஐரிஸ் பூக்களின் அளவுகள் அடங்கிய தரவைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், புள்ளியியலாளர் ஃபிஷர் 1936-ல் எழுதிய 150 பூக்களின் கதை. நமக்கு மழை இருக்கிறது. மெட்ராஸ் வானாய்வகம் 1792-ல் தொடங்கியது, மீனம்பாக்கத்திலும் நுங்கம்பாக்கத்திலும் தினமும் அளக்கிறார்கள். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த ஊர் இது. நூறாண்டு மழை (எந்த ஒரு வருடத்திலும் வர நூற்றில் ஒரு வாய்ப்புள்ள மழை) என்று செய்தியில் சொன்னால் இனி நூறு வருடத்துக்குக் கவலையில்லை என்று வேளச்சேரியில் வீடு வாங்குகிறவர் நினைக்கிறார், முப்பது வருட வீட்டுக் கடன் காலத்துக்குள் அப்படி ஒரு மழை ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 விழுக்காடு என்று அவருக்கு யார் சொல்வது? நம் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும்.

ப்ளேஸ்மென்ட்டுக்கு என்ன வழி என்று நீங்கள் கேட்பீர்கள், நியாயமான கேள்வி. நகையை அடகு வைத்துப் படிக்க வைக்கும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள், கம்பெனிக்காரர்கள் மெஷின் லேர்னிங் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள், சேர்க்கையின்போது அப்பா அம்மாவும் அதைத்தான் கேட்கிறார்கள். மெஷின் லேர்னிங் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கட்டாயம் நடத்துங்கள். ஆனால் அதைக் கற்றுக்கொள்ள இன்று எத்தனையோ வழி உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020-லிருந்து டேட்டா சயின்ஸ் பட்டத்தை இணையம் வழியே நடத்துகிறது, சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் அதற்கென்றே எம்.எஸ்சி. வைத்திருக்கிறது, இலவச வகுப்புகளும் ஏராளம். அந்தப் பந்தயத்தில் நம் பிள்ளையை ஒரு வருடம் பிந்தி இறக்கிவிடுகிறோம். அதே பிள்ளை, மாதிரி எடுக்கவும் சோதனையை வடிவமைக்கவும் தெரிந்து வந்தால், கூட வரிசையில் நிற்கும் பொறியியல் பட்டதாரிக்குத் தெரியாத ஒன்று அதன் கையில் இருக்கும். மருந்துச் சோதனை நிறுவனங்கள் இந்த நகரத்தில் நிறைய இருக்கின்றன, எங்களுக்கு வேண்டியது அந்த ஆள்தான். மாதிரி அளவு எப்படி வந்தது, பாதியில் விலகிப்போன நோயாளியை என்ன செய்வது என்று சிந்திக்கத் தெரிந்தவருக்கு எஸ்.ஏ.எஸ். என்ற தரவு மென்பொருளில் புரோகிராம் எழுத நாங்கள் மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவோம். தலைகீழாக முடியவில்லை, முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். புள்ளியியல் மூன்றாம் தாளில் மாதிரியெடுப்பு இருக்கிறது, நான்காம் தாளில் சோதனை வடிவமைப்பு இருக்கிறது, இரண்டும் விரித்து எழுத வேண்டிய தாள்கள். எலெக்டிவில் வேறு ஒன்றை எடுத்துவிட்ட பிள்ளை, பிறகு இதற்காகத் தனியாகக் கோச்சிங் தேடிப் போக வேண்டும், பெரும்பாலும் டெல்லி ஆட்கள் நடத்தும் கோச்சிங், அதற்கும் பணம். வசதி உள்ள பிள்ளை சமாளித்துக்கொள்ளும். மற்றவர்கள்?

இனி நான் கேட்பதைச் சொல்கிறேன். இரண்டும் முதல் வருடத்திலேயே கட்டாயப் பேப்பராக இருக்கட்டும், ஆனால் பாதி நேரம் வகுப்புக்கு வெளியே நடக்கட்டும். மாநகராட்சியில் 200 வார்டுகள் இருக்கின்றன. கல்லூரிக்குப் பக்கத்து வார்டு ஒன்றைக் கொடுத்து, இங்கே ஒரு குடும்பம் வாரத்துக்கு எத்தனை கேன் தண்ணீர் வாங்குகிறது என்று கண்டுபிடித்து வா, திட்டப் பிழையோடு, அதாவது விடை எவ்வளவு முன்பின் போகலாம் என்பதோடு, சொல் என்று பிள்ளைகளை அனுப்புங்கள். முதல் நாளே பட்டியல் கிடையாது என்று தெரிந்துவிடும், தெருத்தெருவாக நடந்து அவர்களே பட்டியல் போட வேண்டியிருக்கும். அடுத்தது, குடும்பம் என்றால் யார்? ஒரே அடுப்பில் சமைத்துச் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் என்று தேசிய மாதிரி ஆய்வு வரையறுத்திருக்கிறது. மாடியில் மகன், கீழே அப்பா அம்மா, அடுப்பு இரண்டு, கேன் மட்டும் பொதுவில் வாங்குகிறார்கள், அது ஒன்றா இரண்டா? திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு அறையில் மூன்று பேர், மூன்று பேரும் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள், அங்கே ஒவ்வொருவரும் தனிக் குடும்பமா? அப்படித்தான் அந்த ஆய்வு எண்ணுகிறது, செலவைச் சேர்த்துப் போட்டுக்கொண்டால் மட்டும்தான் ஒன்றாகச் சேர்க்கும். இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, மேன்ஷன் படிக்கட்டில் நின்று முடிவெடுப்பது வேறு.

அப்புறம் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார். பகலில் போனால் இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகள் பூட்டியிருக்கும், திறக்கிற வீடுகளில் பெரியவர்கள்தான் இருப்பார்கள். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கை பரபரக்கும். அந்த இடத்தில்தான் பதில் கிடைக்காத வீடுகள் மதிப்பீட்டை எந்தப் பக்கம் இழுக்கும் என்று பிள்ளைக்குப் புரியத் தொடங்கும், நிறுவலில் எழுதும் அந்தக் குறியீடு ஒவ்வொன்றும் ஒரு கதவு என்று தெரியும். இரண்டு தனிக் குழுக்களை ஒரே வார்டுக்குத் தனித்தனி மாதிரியோடு அனுப்பி விடைகளை ஒப்பிடச் சொல்லுங்கள், புள்ளியியலாளர் மகலனோபிஸ் வங்காளத்தின் கள ஆய்வுகளில் கையாண்ட முறை அது. 1937-ல் சணல் பரப்பை மதிப்பிடத் தொடங்கி வயலில் இறங்கி வேலை செய்துதான் அவர் இந்த நாட்டின் மாதிரி ஆய்வையே கட்டியெழுப்பினார். முடிந்தால் அறுவடைச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை, பொருளியல் புள்ளியியல் துறையினர் பயிர் அறுவடைச் சோதனை நடத்தும் வயலுக்கும் கூட்டிப்போங்கள். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம், அது வயலில் எங்கே விழ வேண்டும் என்பதைச் சமவாய்ப்பு எண் சொல்லும். சதுரத்தைச் சின்னதாக்கினால் ஓரத்துப் பயிரையும் கை உள்ளே இழுத்துக்கொள்ளும், விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்று 1940-களில் புள்ளியியலாளர் சுகாத்மே காட்டியதை அந்த வரப்பில் நின்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கு மறக்கும்?

கோட்பாட்டைக் குறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சி.ஆர். ராவ் 1945-ல் மேலே சொன்ன அந்தப் புகழ்பெற்ற கிராமர்–ராவ் சமனிலியை வெளியிட்டார், அடுத்த ஆண்டே சூடானின் ஜபல் மோயாவில் தோண்டியெடுத்த எலும்புக்கூடுகளின் அளவுகளை அலசக் கேம்பிரிட்ஜுக்குப் போனார். இரண்டும் ஒரே மனிதர் செய்த வேலை. நாம் முதலாவதை மட்டும் தேர்வில் கேட்கிறோம்.

தேர்வு என்றதும் சொல்லியாக வேண்டும், கால்குலேட்டரும் அட்டவணைப் புத்தகமும் வைத்து எழுதும் ப்ராக்டிகல் தேர்வை நிறுத்திவிடுங்கள். ஆர் மென்பொருள் இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். அழுக்கான கோப்பு ஒன்றைக் கொடுத்து, மூன்று மணி நேரத்தில் அதிலிருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று எழுதச் சொல்லுங்கள். வைவாவில் தமிழில் பதில் சொல்ல விடுங்கள். ஆங்கிலத்துக்குத் திணறி வாயடைத்துப்போன பிள்ளைக்கு விஷயம் தெரியவில்லை என்று மார்க் போடுவது அநியாயம், அரசுப் பள்ளியிலிருந்து வந்த என் நண்பர்களுக்கு அப்படி நடந்து நான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் உங்களுக்குக் கூடுதல் வேலை என்று தெரியும். காலியிடங்கள் நிரப்பப்படாமல், கௌரவ விரிவுரையாளர்களை வைத்துக்கொண்டு, கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழுவுக்கான கோப்புகளையும் தயார்செய்துகொண்டு நீங்கள் ஓடுவது வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. அதனால் உங்களையே எல்லாவற்றையும் செய்யச் சொல்லவில்லை. என்னோடு படித்தவர்களில் சர்வே நிறுவனங்களில் இருப்பவர்கள், ஆராய்ச்சி நிறுவனங்களில் இருப்பவர்கள், அரசுத் துறையில் இருப்பவர்கள் எல்லாரும் இதே நகரத்தில்தான் இருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் வார்டு வேலைக்குப் பிள்ளைகளோடு நடக்க வரச் சொன்னால் வருவார்கள், நானும் வருவேன், சம்பளம் எதுவும் வேண்டாம்.

தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் பழைய மாணவர் ஒருவருக்கும் தொழில்துறைப் பிரதிநிதி ஒருவருக்கும் இடம் இருக்க வேண்டும் என்று யூ.ஜி.சி. விதியே இருக்கிறது. பெரும்பாலும் கூட்டத்தின் கடைசியில் அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு காபி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இந்த முறை கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே வரைவு சிலபஸை அவர்களுக்கு அனுப்பிவையுங்கள். சாம்ப்ளிங், டிசைன் இரண்டும் எங்கே போகின்றன என்பதை முதல் பொருளாக எடுத்துக்கொண்டு அவர்களைப் பேச விடுங்கள். எலெக்டிவ் ஆக்கத்தான் வேண்டும் என்று முடிவானால் அதற்கான காரணத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதி, சேர்க்கை தொடங்கும் முன்பே துறையின் பலகையில் ஒட்டிவிடுங்கள், சேரப்போகும் பிள்ளைகள் படித்துப் பார்த்துவிட்டுச் சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி
சென்னை